டாக்டரிடம் கேளுங்கள்: கல்தூசியும் நுரையீரலும்

சென்ற மாதம் டிபி பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்குவாரி, கிரஷர், பவுண்டரி, கிரானைட் பட்டறை என்று வேலை செய்கிறவர்களின் வீடுகளிலிருந்து வந்தவை. அது தற்செயல் இல்லை, ஏன் என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும். அதனால் இந்த மாதம் அந்தக் கடிதங்களுக்கு மட்டும்தான் பதில். சர்க்கரை, தைராய்டு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கே: என் கணவருக்கு 42 வயது. கிரஷரில் 14 வருடமாக வேலை. மூன்று வருடத்துக்கு முன் இருமல், உடம்பு இளைப்பு என்று போனபோது எக்ஸ்ரே பார்த்து டிபி என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். போன வருடம் மறுபடியும் அதே மாத்திரை. இப்போது நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிறார். சளியில் கிருமி இல்லை என்றே ரிப்போர்ட் வருகிறது. ஆனாலும் திரும்ப டிபி மருந்துதான் என்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
– ஒரு வாசகி, நாமக்கல் மாவட்டம்

அம்மா, இந்த மூன்று வருடத்தில் யாராவது ஒரு டாக்டர் உங்கள் கணவரிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமா?" என்று கேட்டாரா? இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்பதுவரை இருக்கிறது, அப்படி ஒருவர் கேட்டதாக மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டிருந்தால் "கிரஷர்" என்ற ஒரு சொல்லிலேயே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது சிலிகோசிஸ், அதாவது கல்தூசியால் நுரையீரலில் தழும்பு விழும் நோய், ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கடிதத்தைப் பார்த்து முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்படக் கடிதமே போதும்.

கருங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை குவார்ட்ஸ் இருக்கிறது, அதாவது சிலிக்கா. கல்லை உடைக்கும்போதும், துளை போடும்போதும், அறுக்கும்போதும் அது தூளாகிப் பறக்கும். கிரஷர் பக்கம் போனால் வேப்பமர இலையெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்தக் கண்ணுக்குத் தெரிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஐந்து மைக்ரானுக்கும் குறைவான துகள்கள், நம் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அவை நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைவரை போய்விடுகின்றன. அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் கிருமி வந்தாலும் விழுங்கும், கல் வந்தாலும் விழுங்கும். கிருமி என்றால் கொன்று செரித்துவிடும், கல்லை என்ன செய்யும்? விழுங்கிய செல்தான் செத்துப்போகும். உள்ளே இருந்த துகள் மறுபடி வெளியே வர, அதை விழுங்க இன்னொரு செல் வரும், அதுவும் சாகும். இப்படியே வருடக்கணக்கில் நடந்து சுற்றிலும் தழும்பு கட்டி, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு விறைத்துப்போன சைக்கிள் டியூப் மாதிரி நுரையீரல் விரிய முடியாமல் ஆகிவிடுகிறது. உங்கள் கணவர் படியேறும்போது நிற்பது அதனால்தான்.

இதில் டிபி எங்கே வந்தது? இந்தத் தழும்பு முடிச்சுகள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும். டிபியும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் வரும். இருமல், எடை குறைவு, களைப்பு, மூச்சுவாங்கல் எல்லாம் இரண்டுக்கும் பொது. டிபி மலிந்த நாட்டில் அவசர ஓபியில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கிற டாக்டருக்கு முதலில் டிபிதான் ஞாபகம் வரும், அதில் அவரைக் குறை சொல்லக்கூட முடியாது. ஆனால் மாத்திரை முடிந்தும் குறையவில்லை, சளியில் கிருமியும் இல்லை என்றால் அப்போதாவது வேலையைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

அதற்காக "அப்போ டிபியே இல்லை" என்று முடிவுகட்டி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிலிக்கா அந்தக் காவல் செல்களைச் செயலிழக்கச் செய்வதால், சிலிகோசிஸ் உள்ளவருக்கு உண்மையான டிபி வருகிற வாய்ப்பும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு மறைந்திருக்கும் டிபி தொற்று இருக்கிறதா என்று பார்த்துத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

இப்போது செய்ய வேண்டியது: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கும், அங்கே போங்கள். பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள், புதியதை மட்டும் கொண்டுபோனால் பாதிக் கதைதான் தெரியும். ஒரு தாளில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை எந்த கிரஷரில் என்ன வேலை, ஜல்லி சலிக்கும் இடமா, ஜாக்ஹாமரா, லோடு ஏற்றுவதா என்று எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். சளியை சிபிநாட் முறையில், அதாவது டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையில், பரிசோதிக்கச் சொல்லுங்கள். நெஞ்சு சிடி ஸ்கேனும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் தேவைப்படும்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், விழுந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. தூசி வேலையை விட்டபிறகும் சிலருக்கு நோய் வளரும், ஆனால் வேலையில் தொடர்ந்தால் இன்னும் வேகமாக வளரும். அதனால் அந்த இடத்திலிருந்து அவர் வெளியே வரத்தான் வேண்டும். இதை எழுதுவது எனக்கு எளிது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டியது உங்கள் கவலை என்று தெரியும். பீடி இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம். வீசிங் இருந்தால் இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் வீட்டிலேயே ஆக்சிஜன் என்று மூச்சுவாங்கலைக் கட்டுப்படுத்த வழிகள் இருக்கின்றன.

கே: தினமும் வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லமும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி வெளியே போய்விடும் என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார். சரியா?
– வாசகர், கரூர்

வாழைப்பழம் இரைப்பைக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டுக்கும் வழி வேறு. வெல்லத்தைப் பற்றி மட்டும் லக்னோவில் எலிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்து 1994-ல் வெளியானது, கொஞ்சம் பலன் தெரிந்தது என்று எழுதினார்கள், ஆனால் எலியை வைத்துச் செய்த அந்த ஆய்வை நம்பி மனிதன் தூசியில் நிற்க முடியாது. பன்றிக்கறி, சாராயம் என்று இன்னும் சில வைத்தியங்களும் உலவுகின்றன. வெல்லமும் பழமும் பசிக்கு நல்லது, சாப்பிடுங்கள். மேஸ்திரி அதையே மாஸ்க்குக்கும் தூசியை அடக்கத் தெளிக்கும் தண்ணீருக்கும் பதிலாகக் கொடுத்தால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கே: நாங்கள் பரம்பரையாகச் சிலை செய்கிறவர்கள். என் தாத்தா 80 வயதுவரை உளி பிடித்தார், ஒரு இருமல் கிடையாது. என் பட்டறையில் வேலை செய்யும் 30 வயதுப் பையனுக்கு இப்போதே மூச்சுத் திணறல். அதே கல்தானே டாக்டர்?
– வாசகர், திருமுருகன்பூண்டி

கல் அதேதான், கருவி மாறிவிட்டது ஐயா. உளியால் கொத்தும்போது சில்லு தெறிக்கும், பொடி உதிரும், அதில் மிக நுண்ணிய தூள் குறைவு. அதுவும் தாத்தா வேலை செய்தது பெரும்பாலும் திறந்த கொட்டகையில், மரத்தடியில். இன்றைக்கு கை கிரைண்டரில் வைரப் பல் வைத்த பிளேடைப் போட்டுக் காய்ந்த கல்லில் ஓட்டினால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றி அது கல்லை மாவாக அரைத்துத் தள்ளுகிறது. தாத்தா ஒரு நாள் முழுக்க எழுப்பிய நுண்தூளை இந்தப் பையன் டீ குடிப்பதற்குள் எழுப்பிவிடுவான். புதிதாக உடைந்த சிலிக்காவின் பரப்பு பழைய தூசியைவிட வீரியமானது என்பதும் தெரிந்த விஷயம்.

இதனால்தான் நோயின் வேகமும் மாறியிருக்கிறது. குறைந்த தூசியில் 10 வருடத்துக்கு மேல் ஆன பிறகே தலைகாட்டுவது வழக்கமான வகை. தூசி அதிகமானால் 5 முதல் 10 வருடத்தில் வரும். மூடிய ஷெட்டுக்குள் மிக அதிகமாக சுவாசித்தவர்களுக்குச் சில மாதங்களிலிருந்து ஓரிரு வருடத்துக்குள்ளேயே வந்து உயிரைக் குடிக்கும் வகையும் உண்டு. பையனை உடனே நெஞ்சக மருத்துவரிடம் அனுப்புங்கள், எக்ஸ்ரேயோடு ஸ்பைரோமெட்ரியும் பார்க்கட்டும், முடிவு தெரியும்வரை அவனுக்குக் கிரைண்டர் வேண்டாம்.

இன்னொன்று. எல்லாத் தாத்தாக்களும் 80 வரை இருந்தார்களா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். "இளைப்பு வந்து போய்ட்டார்" என்று சொல்லப்பட்டவர்களில் எத்தனை பேர் கல்லால் போனார்கள் என்று யார் கண்டது. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே கல்தச்சர்களின் நெஞ்சு நோயைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆக இது மெஷின் கொண்டுவந்த புதிய நோய் இல்லை, மெஷின் அதற்கு வேகம் கொடுத்திருக்கிறது.

கே: கோவையில் ஒரு பவுண்டரியில் இருக்கிறேன். மோல்டு உடைக்கும்போதும், வார்த்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங்கிலும் மணல் தூசி தாங்க முடியாது. கம்பெனியில் துணி மாஸ்க் தருகிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஏர் அடித்துச் சட்டையைச் சுத்தம் செய்துகொண்டு வீட்டுக்குப் போவோம். இது போதுமா? தூசி எந்த அளவுவரை இருக்கலாம் என்று நம் சட்டம் சொல்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

போதாது. அந்த ஏர் அடிப்பதை நாளையிலிருந்தே விடுங்கள். துணியில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிற தூசியைக் கம்ப்ரசர் காற்றால் கிளப்பி உங்கள் மூக்குக்கும் பக்கத்தில் நிற்பவர் மூக்குக்கும் கொடுக்கிறீர்கள். சட்டையை அங்கேயே மாற்றுங்கள், முடிந்தால் அங்கேயே குளியுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் உதறாமல் நேராகத் தண்ணீரில் முக்கித் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள், உதறுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான், அவர்களுக்கும் நுரையீரல் இருக்கிறது.

துணி மாஸ்க்கும் ஈரத்துண்டும் பெரிய தூசியைத்தான் தடுக்கும், காற்றுப் பைவரை போகிற துகளுக்கு அது திறந்த ஜன்னல். குறைந்தபட்சம் என்95 வேண்டும், மூக்கின் மேல் கம்பியை அழுத்தி ஓரமெல்லாம் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது. அழுக்கேறினால் மாற்ற வேண்டும், ஒரே மாஸ்க்கை மாதக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் போடுவதில் பயனில்லை.

ஆனால் மாஸ்க் என்பது கடைசி வரிசைப் பாதுகாப்பு. அதையே முதலாக வைத்துக்கொண்டு "மாஸ்க் கொடுத்துட்டோமே" என்று முடித்துக்கொள்வது முதலாளிகளுக்கு வசதி. தூசி எழும்பாமல் செய்வதுதான் முதல் வேலை: மணல் உதிர்க்கும் இடத்தை மூடி உறிஞ்சும் எக்ஸாஸ்ட் வைப்பது, தரையைக் கூட்டாமல் ஈரப்படுத்தி அள்ளுவது, சிலிக்கா மணலைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிங்குக்கு மணலை விட்டு வேறு பொருளுக்கு மாறுவது. துருக்கியில் ஜீன்ஸ் துணியை மணல் அடித்து வெளுக்க வைக்கும் வேலையில் இளைஞர்கள் இந்த நோயால் அடுத்தடுத்துச் செத்த பிறகு 2009-ல் அந்த முறையையே தடை செய்தார்கள்.

நம் சட்டத்தில் என்ன அளவு என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 நவம்பர்வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கணக்கு இருந்தது: சுவாசிக்கும் தூசியில் குவார்ட்ஸ் எத்தனை சதவீதமோ அதோடு 2 கூட்டி, அந்த எண்ணால் 10-ஐ வகுத்தால் ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் தூசி இருக்கலாம் என்று வரும். குவார்ட்ஸ் 30 சதவீதம் என்றால் 10-ஐ 32-ஆல் வகுக்க வேண்டும், 0.31 மில்லிகிராம். அதில் சிலிக்காவின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 94 மைக்ரோகிராம் (ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம்). அமெரிக்காவில் 2016-ல் கொண்டுவந்த விதிப்படி சிலிக்காவுக்கான வரம்பு 50 மைக்ரோகிராம். நம் வரம்பு அதைப்போல இரு மடங்கு தளர்வு, சரி, அந்தத் தளர்வான வரம்பையாவது யாராவது கருவி வைத்து அளந்தார்களா என்று உங்கள் கம்பெனியில் கேளுங்கள்.

கே: அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் 28 வருடம் வேலை செய்தவர். சுரங்கம் மூடி இத்தனை வருடம் கழித்து இப்போது சிலிகோசிஸ் என்கிறார்கள். இவ்வளவு தாமதமாகவா வரும்?
– வாசகி, பெங்களூரு

வரும். உள்ளே போன கல் உள்ளேயேதான் இருக்கிறது, ஓய்வு பெற்று 20 வருடம் கழித்துக்கூடக் கண்டுபிடிக்கப்படுவதுண்டு. வயதாகி நுரையீரலின் சொந்த பலமும் குறையும்போது அதுவரை தெரியாமல் இருந்தது தெரிய ஆரம்பிக்கும்.

இந்தியாவில் சிலிகோசிஸ் என்று முதலில் ஆராய்ந்து எழுதப்பட்டதே உங்கள் கே.ஜி.எஃப். தொழிலாளர்களைப் பற்றித்தான், 1940-களில். 1880-இல் ஆங்கிலேயக் கம்பெனி தோண்டத் தொடங்கியதிலிருந்து வட ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வேலை செய்தார்கள். அங்கே தங்கம் தனியாகக் கிடைக்காது, குவார்ட்ஸ் பாறையின் நரம்புக்குள் இருக்கும், அதாவது தங்கத்தை எடுக்க வேண்டுமானால் சிலிக்காவைத்தான் உடைக்க வேண்டும். 2001 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். தங்கத்தின் கணக்கு எழுதியவர்கள் நிறையப் பேர், மூச்சின் கணக்குதான் வீட்டுக்கு வீடு இருமலாக இருக்கிறது.

அப்பாவின் சர்வீஸ் சான்றிதழ், பழைய மருத்துவப் பரிசோதனைத் தாள் எதுவானாலும் பத்திரமாக வையுங்கள். டிபி பரிசோதனையை வருடம் ஒருமுறையாவது செய்யுங்கள். சிலிக்கா புற்றுநோயும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே வகைப்படுத்திவிட்டது, அதனால் சளியில் ரத்தம், திடீர் எடை குறைவு இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

கே: குவாரியில் வேலை பார்த்த அண்ணன் போன தையில் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக சிலிகோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். வாரக்கூலிதான், அட்டை, பி.எஃப். எதுவும் இல்லை. நஷ்டஈடு கேட்க முடியுமா?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

கேட்கலாம் தம்பி, அந்தத் தாளை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள், பலருக்கு அந்த ஒரு சொல்லே கிடைப்பதில்லை, டிபி என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சிலிகோசிஸ் சட்டப்படி தொழில் நோய். 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்திலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் இருந்தது, 2025 நவம்பரில் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் அட்டவணையிலும் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் டாக்டர் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எத்தனை டாக்டர்கள் அறிவிக்கிறோம் என்று என் தொழில்காரர்களைக் கேட்டால் பதில் வராது.

கோரிக்கை மனு தொழிலாளர் துறையில் இழப்பீட்டைக் கவனிக்கும் அதிகாரியிடம் போக வேண்டும். இறந்த தேதியிலிருந்து பொதுவாக 2 வருடத்துக்குள், அதனால் இழுத்தடிக்காமல் மாவட்ட இலவச சட்ட உதவி மையத்துக்கு இந்த வாரமே போங்கள். அட்டை இல்லாவிட்டாலும் கூட வேலை பார்த்தவர்களின் வாக்குமூலம், குவாரியில் எடுத்த போட்டோ, சம்பளம் எழுதிய துண்டுச்சீட்டு, ஃபோனில் வந்த பணம் எல்லாம் சாட்சிதான். அவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தாரா என்றும் பாருங்கள்.

நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களிலிருந்து குஜராத்தின் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்குக் கூலிக்குப் போன ஆதிவாசிகள் ஊருக்குத் திரும்பிக் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்களிடமும் எந்த அட்டையும் இல்லை. இறந்த 238 பேர் குடும்பங்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் கொடுக்கச் சொல்லி தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது, குஜராத் அரசு மறுத்தது, கடைசியில் 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. ராஜஸ்தானில் 2019-லிருந்து தனிக் கொள்கையே இருக்கிறது, நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், முதலாளி யாரென்று நிரூபிக்கும் வரை தொழிலாளியைக் காக்க வைப்பதில்லை. கூலிக்காரனுக்கு எது பொருந்தும் என்று யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

கே: புது வீட்டுச் சமையலறை மேடைக்கு குவார்ட்ஸ் கல் போடலாம் என்று இருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் தடை செய்துவிட்டதாக மகள் அங்கிருந்து சொல்கிறாள். சமைக்கிறவர்களுக்கு ஆபத்தா?
– வாசகி, மதுரை

சமைக்கிற உங்களுக்கு ஆபத்து இல்லை. போட்டு முடித்த மேடையிலிருந்து தூசி வராது. அறுக்கிற பையனுக்குத்தான் ஆபத்து. செயற்கைக் குவார்ட்ஸ் பலகை என்பது குவார்ட்ஸ் தூளைப் பிசினில் கெட்டியாக்கியது, அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கும் மேல் இருப்பதுண்டு, கிரானைட்டைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆஸ்திரேலியாவில் இதை அறுத்த இளம் தொழிலாளிகளுக்கு வரிசையாக சிலிகோசிஸ் வந்ததால் 2024 ஜூலை 1 முதல் தடை, உலகிலேயே முதல் நாடு அதுதான். மகள் சொன்னது சரி.

கிரானைட் போட்டாலும் குவார்ட்ஸ் போட்டாலும் சிங்க்குக்கு ஓட்டை போடுவதும் ஓரம் தேய்ப்பதும் இங்கே பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே காய்ந்த கல்லில்தான் நடக்கிறது. கடையிலேயே தண்ணீர் ஊற்றி அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள், அளவை முன்கூட்டியே சரியாகக் கொடுத்தால் செய்வார்கள். வீட்டில் அறுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் இணைப்புள்ள கட்டர் கொண்டுவரச் சொல்லுங்கள், வெளியே திறந்த இடத்தில் செய்யட்டும், என்95 மாஸ்க் இரண்டு வாங்கி வையுங்கள், ஒன்று அறுப்பவருக்கு, ஒன்று கல்லைப் பிடிப்பவருக்கு. ஒப்பந்தம் பேசும்போதே இதைச் சொல்லிவிடுங்கள், வேலை தொடங்கின பிறகு சொன்னால் "அதெல்லாம் பழக்கம்தான்க்கா" என்று சிரித்துவிட்டு மெஷினைப் போட்டுவிடுவார்கள்.